கைக்கேற்ற கருவி

பழம்பொருள் சேர்ப்பவரைப் பற்றி நம்மவரிடையே இருவகை அபிப்பிராயம் உண்டு. பணமும் பொழுதும் மிகுந்தவருடைய விளையாட்டு அது என்பர் சிலர். வீட்டிலே குப்பை சேர்க்கும் வியாதி என்பர் வேறு சிலர். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும், ஒரு பழைய பொருளை எடுத்து வைத்துக்கொண்டு, ‘இதை யார் செய்தார்? யார் பாவித்தார்? இந்தத் தழும்பு எப்படி வந்தது?’ என்று கேட்கத் தொடங்கியவர், விரைவிலே பொருளை விட்டு மனிதரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார். இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவ்வாறு எங்களைப் பல நாள் பேசவைத்த ஒரு பொருளைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். அது ஒரு கைத்துப்பாக்கி.

துப்பாக்கி என்றவுடன் முகஞ் சுளிக்கும் வாசகரை நான் குறை கூறமாட்டேன். வன்னியிலே வாழ்கின்ற எவருக்கும் அந்தச் சொல்லின் பொருளைப் பிறர் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நான் சொல்லவந்த துப்பாக்கி மனிதரையோ மிருகத்தையோ நோக்கிச் சுடுவதற்கென அமைந்ததன்று. கடதாசியிலே வரைந்த வட்டத்தின் நடுப்பகுதி ஒன்றே அதன் இலக்கு. ஆகையால் சற்றுப் பொறுமையோடு வாசிக்குமாறு வேண்டுகிறேன்.

வவுனியாவிலிருந்து மன்னார் வீதியாற் சென்றால் சில மைல் தூரத்திலே இருப்பது எங்கள் நெளுக்குளம். பழம்பொருளில் ஈடுபாடுள்ளவர் எங்களூரில் மிகச் சிலரே. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒல்லாந்தர் காலத்துச் செப்புக்காசுகளையும் சேதுக் காசுகளையும் சேர்த்து வைத்திருக்கிறார். நான் பழைய பூட்டுகளையும், கொத்து, சுண்டு முதலான அளவைகளையும் சேர்ப்பவன். எங்களோடு கூடுகின்ற மூன்றாமவர் இரும்புப் பட்டறை வைத்திருக்கும் கொல்லர். அவர் எதையுஞ் சேர்ப்பதில்லை. நாங்கள் சேர்த்தவற்றின் துருவை அகற்றி, இது உண்மை, இது போலி என்று சொல்வது அவர் வேலை. அவர் முல்லைத்தீவுப் பக்கத்தவர். 2009ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்து, பின்பு இங்கேயே தங்கிவிட்டவர். காணியொன்றைத் துப்புரவு செய்யும்பொழுது பொறிவெடியில் அகப்பட்டு, வலது கையை மணிக்கட்டோடு இழந்தவர். முன்கையில் தோல்வாராற் கட்டிய இரும்புக் கொளுக்கியினால் வேலையைப் பிடித்துக்கொண்டு, இடது கையினாற் சுத்தியலை ஓங்குகிறார். அந்தக் கொளுக்கியும் அவரே அடித்ததுதான்.

துப்பாக்கி எதுவும் எங்களிடம் இல்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றிச் சுடுகலன் வைத்திருப்பது இலங்கையிற் குற்றமாகும். ஆகவே எங்கள் ஆராய்ச்சி முழுவதும் படங்களைக் கொண்டே நடந்தது. ஆசிரியருடைய மருமகன் யேர்மனியில் வாழ்கிறார். அவருடைய அயலவர் ஒருவர் பழைய இலக்குத் துப்பாக்கிகளைச் சட்டப்படி சேர்ப்பவர். அவர் புதிதாக வாங்கிய ஒன்றைப் பற்றி அவருடைய நண்பர்களுக்குள் பெரிய வாதம் எழுந்ததாம். மாமனார் இத்தகைய புதிர்களில் விருப்பமுள்ளவர் என்பதையறிந்த மருமகன், படங்களையும் வாதத்தின் சுருக்கத்தையும் அனுப்பி வைத்தார்.

இலக்குத் துப்பாக்கி என்பது என்ன என்பதை முதலிற் சொல்லவேண்டும். 1845ஆம் ஆண்டளவில் புளோபேர் என்னும் பிரெஞ்சுக்காரர், வீட்டுக் கூடத்தினுள்ளேயே வைத்துச் சுட்டுப் பழகத்தக்க மிகச் சிறிய தோட்டாவொன்றை ஆக்கினார். அதிலிருந்து வளர்ந்தவையே பொயின்ற் 22 எனப்படும் சிறு தோட்டாக்கள். 1896இல் அதென்ஸ் நகரில் நடந்த முதலாவது நவீன ஒலிம்பிக் விழாவிலேயே கைத்துப்பாக்கிக் குறிபார்த்தல் இடம்பெற்றது. பிற்காலத்தில் 50 மீற்றர் தூரப் போட்டி நிலைபெற்று, 2016ஆம் ஆண்டு றியோ விழா வரை நடந்தது. பத்துப் புள்ளி தருகின்ற நடுவட்டத்தின் விட்டம் 5 சென்ரிமீற்றர் மாத்திரமே. ஐம்பது மீற்றருக்கு அப்பாலுள்ள அந்தச் சிறு வட்டத்தை, ஒற்றைக் கையை நீட்டி நின்று, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு தோட்டாவாக இட்டுச் சுடவேண்டும். மூச்சு அசைந்தாற் குறி தவறும். நெஞ்சு துடித்தாலும் தவறும்.

இந்தப் போட்டிக்குரிய துப்பாக்கியின் விசேஷம், அதன் பிடியை வீரர் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம் என்பது. வாதுமை மரத்தைச் செதுக்கி, விரல்களுக்குப் பள்ளமும் பெருவிரலுக்குத் தாங்கியும் அமைத்து, கையுறை கையிற் பொருந்துவதுபோலப் பொருந்தச் செய்வார்கள். ஆகவே ஒருவருடைய துப்பாக்கி மற்றவருக்கு உதவாது. ஒரு மனிதனின் உள்ளங்கையை அச்செடுத்ததுபோல அமைந்த பொருள் அது. மனிதர் மறைந்த பின்பும் அந்தக் கையின் வடிவம் மரத்திலே நிலைத்திருக்கும்.

இனி அந்த யேர்மன் துப்பாக்கிக்கு வருவோம். அதன் குழலின் அடியில் முடிச் சின்னம் பொறித்திருந்தது. யேர்மனியில் 1891ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விற்பனைக்கு வரும் துப்பாக்கிகளின் குழலை அரசாங்கம் சோதித்து முத்திரையிட்டது. 1939ஆம் ஆண்டில் வந்த சட்டம் அந்த முடியை நீக்கிக் கழுகை வைத்தது. ஆதலால் முடிச் சின்னமுடைய இத்துப்பாக்கி பெரும்பாலும் அந்த மாற்றத்துக்கு முற்பட்டது என்று கருதலாம். பிடிக்கு முன்னுள்ள நெம்புகோலைக் கீழே தள்ளினால், குழலின் பின்புறத்தை அடைத்திருக்கும் இரும்புக் கட்டை இறங்கி, வெற்றுத் தோட்டா வெளியே வரும். புதியதை இட்டு நெம்புகோலை மேலே தூக்கினால் மூடிக்கொள்ளும். இதுவரையும் அக்காலத்து நல்ல இலக்குத் துப்பாக்கிகள் பலவற்றின் அமைப்பே.

விநோதம் இதற்கு மேலேயே இருந்தது. முதலாவதாக, பிடி இடது கைக்குரியதாகச் செதுக்கப்பட்டிருந்தது. இரண்டாவதாக, நெம்புகோலின் நுனியில் தொழிற்சாலைக்குரியதல்லாத ஒரு கொளுக்கி பற்றவைக்கப்பட்டிருந்தது. மூன்றாவதாக, துப்பாக்கியின் ஒரு பக்கம் மாத்திரம் மேற்பூச்சின் கருநீலம் முழுவதும் தேய்ந்து, வெள்ளையாக மினுங்கியது.

சேகரிப்பாளர்களின் வாதம் இவற்றைப் பற்றியதே. முதலாமவர், தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவம் கெட்டுவிட்டது, ஆகவே இதற்குப் பாதி விலையும் அதிகம் என்றார். இவ்வுலகத்திலே அதுவே பெரும்பான்மைக் கட்சி. கை படாத பொருளுக்கே சந்தையில் மதிப்பு. இரண்டாமவர், இது இடக்கைப் பழக்கமுள்ள ஒருவருக்காகத் திருத்தப்பட்டது, அதனாற் பெருங் குற்றமில்லை என்றார். கொளுக்கியைப் பற்றிக் கேட்டதற்குச் சுவரிலே மாட்டுவதற்காக இருக்கலாம் என்பது அவருடைய விடை. மூன்றாமவர் கொளுக்கியை அறுத்தெறிந்து, பூச்சைப் புதுப்பித்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரவேண்டும் என்று ஆலோசனை சொன்னார்.

ஆசிரியர் இவற்றையெல்லாம் வாசித்துக் காட்டினார். கொல்லர் படங்களைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார். பின்பு ஆசிரியரை நோக்கி, “இடக்கைக்காரனெண்டால் வலக்கை சும்மாதானே ஐயா இருக்கும்? பிறகென்னத்துக்கு இந்தக் கொளுக்கி?” என்று கேட்டார்.

எங்களுக்கு விளங்கவில்லை. அவர் ஒரு சாவணத்தை இடது கையில் எடுத்து மேசையருகே சென்றார். சாவணத்தின் ஒரு காலை மேசை விளிம்பிலே கொளுவி, கையை முன்னே தள்ளினார். சாவணம் வாய் திறந்தது. “ரெண்டு கையும் உள்ளவன் மற்றக் கையால திறப்பான். ஒரு கை மட்டும் உள்ளவனுக்கு மேசைதான் மற்றக் கை” என்றார்.

அதன் பின்பு மற்றவை தாமே விளங்கின. நெம்புகோலை மேசை விளிம்பிலே கொளுவித் திறந்தவர், அடுத்த தோட்டாவை எடுப்பதற்குத் துப்பாக்கியைக் கீழே வைத்தேயாக வேண்டும். அதே கையாலேயே தோட்டாவை இட்டு, மீண்டும் பிடியைப் பற்றவேண்டும். ஒவ்வொரு வேட்டுக்கும் ஒருமுறை மேசையிற் படுத்து எழும்பிய துப்பாக்கியின் பக்கம் தேயாமல் என்ன செய்யும்? ஒரு போட்டிக்கு அறுபது வேட்டு என்றால், பயிற்சியோடு சேர்த்து எத்தனை ஆயிரந் தடவை அது மேசையிலே கிடந்திருக்கும்! பூச்சு அழிந்தது பராமரிப்புக் குறைவினால் அன்று. அது விடாமுயற்சியின் அடையாளம்.

இந்த விளக்கம் யேர்மனிக்குச் சென்றது. சேகரிப்பாளர் பிடியைக் கழற்றிப் பார்த்து, மீண்டும் படம் அனுப்பினார். மரத்தின் உட்புறத்தில், வலது கைப் பெருவிரலுக்கென முன்பு குடைந்திருந்த பள்ளம் வேறொரு மரத்துண்டினால் அடைக்கப்பட்டிருந்தது. அதே பிடியையே மறுபக்கம் செதுக்கி இடது கைக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆசிரியர், “வேறொருவர் வாங்கித் திருத்தியிருக்கவும் கூடுமே” என்று ஐயுற்றார். கொல்லர் தலையை அசைத்தார். “புதுப் பிடி செய்யிறது லேசு ஐயா. பழசைத் திருத்தினவன் பழசை விட மனமில்லாதவன்” என்றார். அவருடைய பட்டறையிலே அடைகல்லின் மேற் கிடந்த சுத்தியலின் பிடியும், வலது கைக்கு வளைந்திருந்து பின்பு இடப்பக்கம் சீவப்பட்டதே என்பது அப்பொழுது என் நினைவுக்கு வந்தது. நான் அதைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

ஒற்றைக் கையினால் இத்தகைய சாதனை கூடுமா என்று மாணவர்கள் கேட்கலாம். கூடும் என்பதற்குச் சரித்திரமே சான்று. கரோலி தகாட்ஸ் என்பவர் ஹங்கேரியப் படையிலே பணிபுரிந்த சிறந்த குறிவீரர். 1938ஆம் ஆண்டில் பயிற்சியின்போது பழுதான கைக்குண்டு ஒன்று வெடித்து, அவருடைய வலது கை, சுடுகின்ற கை, பாழாயிற்று. அவர் யாருக்குஞ் சொல்லாமல் இடது கையாற் பழகினார். அடுத்த ஆண்டே தம் நாட்டுப் போட்டியில் முதலிடம் பெற்றார். போரினால் 1940, 1944 ஆகிய இரு ஒலிம்பிக் விழாக்களும் நடைபெறவில்லை. 1948இல் இலண்டனில், முப்பத்தெட்டு வயதில், விரைவுக் கைத்துப்பாக்கிப் போட்டியிலே 580 புள்ளிகள் பெற்றுத் தங்கப் பதக்கம் வென்றார். 1952இல் ஹெல்சிங்கியில் மீண்டும் வென்றார். இலங்கையின் டங்கன் வைற் 400 மீற்றர் தடையோட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றதும் அதே 1948ஆம் ஆண்டு விழாவிலேதான். நம்மவரின் பதக்கத்தை நினைக்கும் பொழுதெல்லாம், அதே விழாவிலே வென்ற அந்த இடது கையையும் நினைப்பது தகும்.

பிறர் செய்த கருவியைத் தன் கைக்கும் தன் தேவைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்வது இந்தத் தீவுக்கும் புதியதன்று. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் வந்தபின் இங்குள்ள கொல்லர் துவக்கு அடிக்கப் பழகினர். விரைவிலேயே போர்த்துக்கேய வரலாற்றாசிரியரும் புகழ்ந்தெழுதும் அளவுக்குத் தேர்ச்சி பெற்றனர். ஆனால் அவர்கள் பார்த்ததை அப்படியே படியெடுக்கவில்லை. ஐரோப்பியத் துவக்குகளில் விசைப்பொறி வலப்பக்கத்தில் இருக்கும். கண்டிநாட்டுத் துவக்குகளிலோ அதைப் பெரும்பாலும் இடப்பக்கத்திலே காணலாம். அடித்தண்டும் இரண்டாகப் பிளந்து சுருண்டு, செதுக்கு வேலையோடு விளங்கும். உலகின் எந்தச் சேகரிப்பாளரும் அதைக் கண்டவுடன், இது இலங்கைக் கொல்லன் வேலை என்று சொல்லிவிடுவார்.

1765ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கம்பனியார் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபோது கொண்டுசென்ற பொருட்களில் ஆறு, 2023ஆம் ஆண்டில் நெதர்லாந்திலிருந்து கொழும்பு தேசிய நூதனசாலைக்குத் திரும்பி வந்தன. லெவ்கே திசாவை கண்டி மன்னனுக்கு வழங்கிய, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த சிறு பீரங்கியே அவற்றுட் பெயர்பெற்றது. அதனோடு வாள்களும் கத்தியும் இரண்டு பெருந் துவக்குகளும் வந்தன. அவற்றின் உலோகத்துக்காகவா அவற்றைக் கேட்டு வாங்கினோம்? அவற்றின்மேற் படிந்துள்ள நம்மவர் கைவேலைக்காகவே அல்லவா?

துப்பாக்கியை விட்டு வேறோர் உதாரணமும் சொல்லலாம். 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் வைத்தியர் சேத்தியும் சேர்ந்து ஒரு செயற்கைக் காலை உருவாக்கினர். மேல்நாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்து அணிந்து நாற்காலியில் அமர்பவருக்கு ஏற்றது. நமது மக்களோ வெறுங்காலோடு வயலில் நடப்பவர்கள், நிலத்திலே சம்மணங் கட்டி இருப்பவர்கள். அவர்களுடைய வாழ்வுக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும் கால் அது. ஒரு வைத்தியர் அறிவு தந்தார், ஒரு கைவினைஞர் கை தந்தார். அதனால் ஆயிரக்கணக்கானோர் மீண்டும் நடந்தனர். அந்த ஜெய்ப்பூர்க் காலை அணிந்து நடப்பவரை வடமாகாணத்திலே காணாதவர் இரார்.

எல்லா மாற்றமும் நன்மைக்கே என்று சொல்ல நான் வரவில்லை. வன்னியிலே முற்காலத்தில் சேனைக்கும் வயலுக்கும் காவலாக இடியன் துவக்கு இருந்தது. மருந்தையும் சன்னத்தையும் குழலின் வாயினூடாக இட்டுக் கோலால் இடித்து நிரப்புவதனால் அந்தப் பெயர். பரணிலே விழித்திருந்த கமக்காரன், பன்றியா மாடா மனிதனா என்று பார்த்த பின்பே அதன் விசையை இழுத்தான். அதே துவக்கின் விசையிலே கம்பியொன்றைக் கட்டி, மிருகம் நடக்கும் தடத்தின் குறுக்கே இழுத்து வைத்தால் அது கட்டுத்துவக்கு. சட்டம் தடுத்தும், யானையும் மனிதரும் அதற்குப் பலியானதுண்டு. அங்கே பார்க்கும் கண்ணும் இல்லை, பொறுத்துக்கொள்ளும் விரலும் இல்லை. கம்பியைத் தொட்டவர் யாராயினும் அது சுடும். இந்த வழியிலே இன்னும் ஓரடி சென்றால் வருவது பொறிவெடி, மிதிவெடி. அவற்றை வைத்த கை எப்பொழுதோ அகன்றுவிடும். போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின் விறகு பொறுக்க வருபவரையும் அவை காத்துக் கிடக்கும். கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் 1997ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இலங்கை 2017ஆம் ஆண்டு டிசம்பரிலே சேர்ந்தது. அதற்குமுன் எத்தனை கால், எத்தனை கை!

ஒரு கருவியைத் திருத்துவதில் இருவழி உண்டு என்பது இவற்றாற் புலனாகும். மனிதனுடைய கைக்குக் கருவியை இன்னும் நெருக்கமாக்குவது ஒரு வழி. கையே வேண்டாம் என்று கருவியைத் தனியே விட்டுவிடுவது மற்றொரு வழி. யேர்மனியிலே பிடியைச் செதுக்கிய பெயர் அறியாத மனிதரும், கண்டிக் கொல்லரும், ஜெய்ப்பூர்க் கைவினைஞரும் முதலாவது வழியைச் சேர்ந்தவர்கள். இரண்டாவது வழியினால் ஒரு கையை இழந்த எங்கள் கொல்லரே, முதலாவது வழியின் அருமையைப் படத்திலே கண்ட மாத்திரத்தில் அறிந்துகொண்டார் என்பதை நினைக்குந்தோறும் என் நெஞ்சு கனக்கிறது.

சந்தையின் விதி வேறு. கை படாத பொருளுக்கே அங்கு விலை என்பதை மாற்ற நம்மால் இயலாது. ஆனால் விலைக்கு விற்க நினையாதவருக்கு அந்த விதி எதற்கு? இதை வாசிக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் வீட்டிலும் திருத்தப்பட்ட பழம் பொருள் ஏதேனும் இருக்கும். பிடி மாற்றிய அரிவாள், கால் உயர்த்திய திருவலை, கம்பி சுற்றிய மண்வெட்டி, ஒரு பக்கம் மாத்திரம் தேய்ந்த அம்மி, இப்படி எத்தனையோ. அதைத் துலக்கிப் புதிதாக்குவதற்கு முன்னர், அது யாருடைய கைக்காக மாற்றப்பட்டது என்று பாட்டியிடமோ பாட்டனாரிடமோ கேளுங்கள். கேட்டதை ஒரு துண்டுக் கடதாசியில் ஆண்டோடு எழுதி அந்தப் பொருளிலேயே கட்டி வையுங்கள். பாட்டி சொல்லாமற் போனால் அந்தக் கதையும் அவரோடு போய்விடும். எழுதி வைத்தால், பொருள் உள்ளவரை அந்தக் கையும் வாழும்.

யேர்மனியச் சேகரிப்பாளர் கொளுக்கியை அறுக்கவில்லை, பூச்சைப் புதுப்பிக்கவுமில்லை. துப்பாக்கியின் பெட்டியினுள்ளே ஒரு கடதாசி வைத்திருக்கிறாராம். அதிலே கொளுக்கியின் பயனையும், தேய்ந்த பக்கத்தின் காரணத்தையும் எழுதி, இவற்றை விளக்கியவர் இலங்கையின் வவுனியாப் பகுதியிலுள்ள ஒரு கொல்லர் என்றும் குறித்திருக்கிறாராம். இச்செய்தியை ஆசிரியர் சொன்னபோது கொல்லர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, “ஒரு கைக்காரன் எண்டும் எழுதச் சொல்லுங்கோ ஐயா. அப்பதான் எப்பிடித் தெரிஞ்சதெண்டு விளங்கும்” என்றார்.